அப்பாயிக்கும் ஒரு சரித்திரம் உண்டு

மூன்று வயதுக் குழந்தைக்குக் கடந்த காலம் முழுவதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறது. காலையில் தின்ற ரொட்டியும் 'நேற்று'. போன தீபாவளிக்கு உடுத்த சட்டையும் 'நேற்று'. தம்பி பிறந்த நாளும் 'நேற்று'தான். தாய்மார் யாவரும் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அந்த ஒற்றை 'நேற்றை'ப் பிரித்து, எது முன், எது பின், எது எதனால் வந்தது என்று காட்டிக் கொடுப்பது பெரியவர்களின் கடமை. அந்தக் கடமைக்குத்தான் சரித்திரம் கற்பித்தல் என்று பெயர்.

இதனை எந்த வயதில் தொடங்குவது? இலங்கையில் 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின்போது சரித்திரமும் பூமிசாஸ்திரமும் தத்தம் தனிப்பெயரை இழந்து, சமூகக் கல்வி என்னும் ஒரே பாடத்துள் கலந்தன. 2007ஆம் ஆண்டு முதல் வரலாறு மீண்டும் தனிப்பாடமாயிற்று. ஆயினும் அது ஆறாந் தரத்திலிருந்துதான். அதற்கு முந்திய ஐந்து ஆண்டுகளில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்னும் பாடத்தின் ஒரு மூலையிலேயே அது ஒதுங்கியிருந்து வந்திருக்கிறது. ஆகவே, 'ஆறாந் தரத்துக்குப் போனபின் படித்துக்கொள்ளட்டும். இப்பொழுது புலமைப்பரிசில் பரீட்சையல்லவா முக்கியம்' என்று பெற்றோர் பலர் இருந்துவிடுகிறார்கள்.

ஆனால் பிள்ளையின் மனம் பத்து வயது வரையில் வெறும் பாத்திரமாகக் காத்துக்கொண்டிருப்பதில்லை. நாம் யார், எங்கிருந்து வந்தோம், அடுத்த வீட்டார் ஏன் வேறு மொழி பேசுகிறார்கள் என்னும் கேள்விகள் அதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. அவற்றுக்கு யாராவது ஒருவர் விடை சொல்லித்தான் தீருகிறார். உபாத்தியாயர் சொல்லாவிட்டால் தெரு சொல்லும். தெரு சொல்லும் சரித்திரத்தில் பாதி வீண்பெருமை. மற்றப் பாதி பகை.

வகுப்பறையில் ஒரு சிரிப்பு

இந்தக் கேள்வி எல்லா ஊர்களுக்கும் பொதுவானதே. எனினும் ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் அது தனிக் கூர்மை பெறுகிறது. மொனராகலை நகருக்கு மேலே மரகலை மலை எழுந்து நிற்கிறது. அதன் சாரலிலும் சுற்றுப்புறத்திலும் றப்பர்த் தோட்டங்கள். அங்கே ஒரு தமிழ்ப் பாடசாலையின் மூன்றாந் தர வகுப்பை மனக்கண்ணால் காண்போம்.

"சரித்திரம் என்றால் என்ன?" என்று கேட்கிறார் உபாத்தியாயர்.

"ராசாக்கள் கதை, சேர்!" என்கிறது ஒரு குரல்.

"சரி. உங்கள் அப்பாயிக்குச் சரித்திரம் உண்டா?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரிக்கிறது. "இல்லை, சேர். அப்பாயி பால் வெட்டப் போனவுங்க" என்று ஒரு சிறுமி விளக்கம் தருகிறாள்.

அந்தச் சிரிப்பு கள்ளமற்றதுதான். ஆனால் சற்று நின்று யோசித்தால் நெஞ்சை அறுக்கும் சிரிப்பு. முடி தரித்தவனுக்கே சரித்திரம் உண்டு. கூடை சுமந்தவளுக்கு இல்லை என்று எட்டு வயதிலேயே அந்தச் சிறுமி முடிவு கட்டிவிட்டாள். தன் முன்னோருக்குச் சரித்திரம் இல்லை என்று நம்பும் பிள்ளை, தான் நிற்கும் மண்ணில் தனக்கு உரிமை இல்லை என்று நம்புவதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை.

ஒரு கயிறும் சில முடிச்சுகளும்

'கி.பி. பத்தாம் நூற்றாண்டு' என்று சொன்னால் எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வெறும் ஓசை. எண்களைக் கண்ணுக்குப் புலப்படச் செய்யவேண்டும். அதற்கு ஒரு கயிறு போதும். பத்து ஆண்டுக்கு ஒரு சாண் என்று கணக்கு வைத்துக்கொண்டு, சாணுக்கு ஒரு முடிச்சுப் போடவேண்டும். தன் வயது ஒரு சாண்கூட நிரம்பவில்லை என்று காணும்போதே பிள்ளைக்கு வியப்பு உண்டாகிறது. அம்மாவின் வயது மூன்று அல்லது நான்கு சாண். அப்பாயியின் வயது ஏழு சாண்.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் பின்னே போகலாம். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். அது ஏறத்தாழப் பத்துச் சாண். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலமும், புகையிரத நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தால் பாதை வளைந்து செல்லும் தெமோதரை விந்தையும் அந்தக் காலத்தவை. ஊவாவில் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது 1817இல். அது இருபது சாணுக்குச் சற்று மேல். பதுளையில் இன்றும் காணக்கூடிய தூண் கல்வெட்டு பத்தாம் நூற்றாண்டினது. அதற்கு நூறு சாணுக்கு மேல் வேண்டும். கயிறு வகுப்பறையை விட்டு வெளியே போய் முற்றத்தை எட்டிவிடும். காலத்தின் நீளத்தை அன்று அந்தப் பிள்ளைகள் கையால் தொட்டுப் பார்த்தவர்களாவார்கள்.

அந்தத் தூண் கல்வெட்டில் இருப்பது போர்ச் செய்தி அன்று. ஒரு சந்தையில் வியாபாரம் எவ்வாறு நடக்கவேண்டும், அதிகாரிகள் வியாபாரிகளிடம் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்னும் விதிகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. சந்தை எது என்று தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் சந்தையில் முறைப்பாடு இருந்தது என்று கேட்கும்போது, பழங்காலத்து மனிதரும் நம்மைப் போன்றவர்களே என்று அதற்கு விளங்கிவிடும்.

மயிற்பாறையும் முருகனும்

ஊர்ப் பெயர்கள் சரித்திரத்தின் திறவுகோல்கள். சிங்களத்தில் 'மொனர' என்றால் மயில். 'கல' என்றால் பாறை. மொனராகலை என்பது மயிற்பாறை. 'வெல்லஸ்ஸ' என்றால் இலட்சம் வயல்கள். அப்பெயரைச் சொல்லும்போதே அந்தப் பிரதேசம் ஒரு காலத்தில் எத்துணை நெல்வளம் உடையதாகக் கருதப்பட்டது என்பது புலனாகிறது.

மயிற்பாறை என்றவுடன் ஒரு பிள்ளை துள்ளி எழும்: "சேர், கதிர்காமமும் இந்த மாவட்டத்தில்தானே இருக்கிறது? முருகனின் மயில் வந்து உட்கார்ந்ததால்தான் இந்தப் பெயரா?" கேள்வி மிக அழகானது. உபாத்தியாயர் அதனைப் பாராட்டவேண்டும். ஆனால் உடனே, "அப்படி என்று நமக்கு எப்படித் தெரியும்? எங்கே எழுதியிருக்கிறது? காட்டில் மயில்கள் நிறைந்திருந்ததாலும் அப்பெயர் வந்திருக்கலாம் அல்லவா?" என்று திருப்பிக் கேட்கவும் வேண்டும். பொருத்தமாக இருப்பது வேறு. உண்மை என்று நிலைநாட்டுவது வேறு. இந்த வேறுபாட்டை எட்டு வயதில் ஒரு முறை உணர்ந்த பிள்ளை, நாற்பது வயதில் மேடைப் பேச்சைக் கேட்டு எளிதில் மயங்காது.

எந்தப் பாடத்தையும் அதன் உண்மைத் தன்மை கெடாமல் எந்த வயதுப் பிள்ளைக்கும் ஏற்ற வடிவத்தில் கற்பிக்கலாம் என்று அமெரிக்கக் கல்வி அறிஞர் ஜெரோம் புரூனர் 1960ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். சரித்திரத்தின் உண்மைத் தன்மை ஆண்டுகளை மனனம் செய்வதில் இல்லை. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்னும் கேள்வியில் இருக்கிறது.

அண்டை வீட்டாரின் நினைவு

ஊவாத் தமிழ்ப் பிள்ளை தன் அயலவரின் சரித்திரத்தையும் அறியவேண்டும். 1817இல் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் மூண்ட கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் கெப்பெட்டிப்பொலை திசாவையை அனுப்பினார்கள். அவரோ கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்துகொண்டார். சேருமுன், ஆங்கிலேயர் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டார் என்பது புகழ்பெற்ற செய்தி. 1818ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி கண்டியில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். கிளர்ச்சியை அடக்க வந்த படைகள் வீடுகளையும் வயல்களையும் எரித்தன, கால்நடைகளை அழித்தன. இலட்சம் வயல் என்று பெயர் பெற்ற நாடு பாழாயிற்று.

அன்று ஆங்கிலேய அரசு அவரைத் துரோகி என்று அறிவித்தது. இன்று அவர் இந்நாட்டின் தேசிய வீரர். செயல் ஒன்றே, பெயர் இரண்டு. எழுதுகோல் யார் கையில் இருக்கிறதோ அவர் விருப்பப்படி பெயர் மாறும் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமா?

அதன்பின் வந்த காலத்தையும் தொடர்ந்து சொல்லவேண்டும். 1840ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், உறுதிப்பத்திரம் காட்ட இயலாத காடுகளும் தரிசு நிலங்களும் முடிக்குரிய காணிகளாகக் கொள்ளப்பட்டன. மலைநாட்டுக் காணிகள் பெருமளவில் கோப்பித் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து தமிழர் அழைத்துவரப்பட்டனர். நிலத்தை இழந்தவரும், அந்நிலத்தில் உழைக்க வந்தவரும் ஒரே ஆட்சியின் கீழ் அல்லற்பட்டவர்கள். இவ்வுண்மையை ஒரே பாடத்தில் ஒருங்கே கேட்ட தமிழ்ப் பிள்ளையும் சிங்களப் பிள்ளையும் பின்னாளில் ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்க்கத் தயங்குவார்கள்.

மரங்களும் கடல் கடந்தவையே

தன் முன்னோர் வெளியிலிருந்து வந்தவர் என்று கேட்கும் பிள்ளை மனம் குன்றக்கூடும். அப்பொழுது ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரத்தைக் காட்டலாம். றப்பர் விதைகள் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளாக 1876இல் இலங்கைக்கு வந்தன. தேயிலையும் இவ்வூர்ச் செடியன்று. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் அதனைப் பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் தோன்றிப் பின்னர் அப்பயிரையே அழித்தபோது, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. நம் கறியிலுள்ள மிளகாய்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. வந்து வேரூன்றிப் பயன் கொடுத்தவற்றை அந்நியம் என்று இன்று எவரும் சொல்வதில்லை.

அந்த மரங்களை நட்டவர்கள் எவ்வாறு வந்தார்கள்? 1914இல் தலைமன்னாருக்குப் புகையிரதப் பாதையும் கப்பற் சேவையும் ஏற்படுமுன், பாய்த்தோணியில் கடலைக் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியும் காய்ச்சலும் வழிநெடுகப் பலரைக் கொண்டுபோயின. அந்தப் பாதையை நினைவுகூர்ந்து, மலையக மக்களின் இருநூறாண்டு நிறைவையொட்டி, 2023ஆம் ஆண்டு ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் புறப்பட்டது. தேசப்படத்தில் அவ்வழியை விரலால் தொட்டுக் காட்டினால், எந்த அரசனின் படையெடுப்புக்கும் குறையாத ஒரு பெரும் பயணம் தன் குடும்பத்துக்கும் உண்டு என்று பிள்ளை அறிந்துகொள்ளும்.

சாட்சி வீட்டிலேயே இருக்கிறது

அரசர்களின் சரித்திரத்துக்குக் கல்வெட்டு உண்டு. தோட்டத்துச் சரித்திரத்துக்கோ பல இடங்களில் கிழவியின் வாய்மொழியே கல்வெட்டு. ஆகவே பிள்ளைக்குக் கொடுக்கவேண்டிய முதல் வீட்டுவேலை, அப்பாயியிடம் ஐந்து கேள்விகள் கேட்டு வருவதுதான். நீங்கள் எங்கே பிறந்தீர்கள்? எத்தனை வயதில் வேலைக்குப் பெயர் பதிந்தீர்கள்? அப்பொழுது விடியற்காலையில் பிரட்டுக்கு எப்படி அழைப்பார்கள்? லயத்தில் ஒரு காம்பராவில் எத்தனை பேர் இருந்தீர்கள்? நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்களா?

மறுநாள் விடைகளை ஒப்பிடவேண்டும். ஒரே சம்பவத்தை இரண்டு பாட்டிமார் இரண்டு விதமாகச் சொல்லியிருப்பார்கள். 'யார் பொய் சொன்னார்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். 'ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை' என்று உபாத்தியாயர் விளக்குவார். அதன்பின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், பழைய புகைப்படம், கோயில் மணியில் வெட்டிய ஆண்டு, கல்லறையில் பொறித்த பெயர் ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துச் சரித்திர ஆசிரியர் செய்யும் வேலையும் இதுவே, அளவுதான் வேறு.

ஒரு கேள்விக்கு மாத்திரம் உபாத்தியாயர் ஆயத்தமாக இருக்கவேண்டும். 'நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்களா?' என்பதற்குப் பாட்டிமார் பலர், 'இல்லை' என்றோ, 'கொஞ்ச நாள்' என்றோ சொல்லியிருப்பார்கள். 'ஏன், சேர்?' என்று பிள்ளைகள் கேட்டால், அதுவும் சரித்திரப் பாடமே. தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்விக்கு ஏற்பாடு செய்வது தோட்டத்துரையின் பொறுப்பு என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விதித்ததற்கும் நடந்ததற்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமுள்ள தூரம். 1945இல் நாடெங்கும் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பின்தங்கியே கிடந்தன. ஓர் ஆசிரியர், ஓர் அறை, ஐந்து வகுப்புகள் என்பதே வழக்கமான காட்சி. 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின்னரே அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. தான் உட்கார்ந்திருக்கும் வாங்கும் ஒரு நெடும் போராட்டத்தின் பயன் என்று அறியும் பிள்ளை, அதன்மேல் பெயரைக் கீறுமுன் ஒரு கணம் யோசிக்கும்.

கசப்பான உண்மைகள்

இங்கே ஒரு தடை எழலாம். 'குழந்தைகளுக்குத் துன்பக் கதைகள் எதற்கு? இளம் மனதில் வெறுப்பு வளராதா?' என்பார்கள். நியாயமான அச்சமே. ஆனால் மறைப்பதனால் துன்பம் மறைந்துவிடுவதில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் இலட்சக்கணக்கான தோட்ட மக்கள் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. அக்காள் ஒரு நாட்டிலும் தங்கை மறு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் காத்திருக்கவேண்டியதாயிற்று.

இத்தொகைகளை எட்டு வயதுப் பிள்ளை மனனம் செய்யவேண்டாம். 'அப்பாயியின் தங்கச்சி ஏன் நீலகிரியில் இருக்கிறார்?' என்னும் ஒரு கேள்விக்கு மாத்திரம் நேர்மையான விடை கொடுத்தால் போதும். யாரையும் வெறுக்கச் சொல்லாமல், நடந்ததை நடந்தபடி சொல்லலாம். அளவறிந்து சொன்ன உண்மை பிள்ளையைத் திடப்படுத்தும். பிற்காலத்தில் பாதி உண்மையைக் கோபத்தோடு கேட்கும்போதுதான் வெறுப்புப் பிறக்கிறது.

இவ்வேலையைப் பின்போடுவதற்கும் இல்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்வேளையில் பாடசாலையில் இருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது பலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அத்தகைய ஒரு காலைப்பொழுதில் மனிதரோடு அவர்களுடைய நினைவுகளும் புதைந்துவிடுகின்றன. மண்சரிவு இல்லாத இடங்களிலும் முதுமை அதே வேலையை ஓசையின்றிச் செய்துவருகிறது. ஒவ்வொரு கிழவியின் மறைவோடும், எவரும் படியெடுக்காத ஏடு ஒன்று எரிந்துபோகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

1928ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், மசூரி மலையில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு ஜவாஹர்லால் நேரு கடிதங்கள் எழுதினார். பூமி தோன்றியது முதல் ஆதி மனிதர் வாழ்க்கை வரையில் மகளுக்கு விளங்கும் மொழியில் கூறிய அக்கடிதங்கள் அடுத்த ஆண்டில் நூலாக வெளிவந்தன. சாதாரணக் கூழாங்கல்லும் தன் கதையைச் சொல்லும் என்று அவர் மகளுக்குக் காட்டினார். நேருவின் படிப்பு நமக்கு இல்லாமற் போகலாம். ஆயினும் வேலை முடிந்து வந்து அடுப்பங்கரையில் குளிர்காயும் வேளையில், 'உன் வயதில் நான்…' என்று தொடங்கும் ஒரு வாக்கியம் எந்தத் தகப்பனிடமும் உண்டு. எந்தத் தாயிடமும் உண்டு. அதைச் சொல்வதற்குச் செலவில்லை.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்லலாம். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் பக்கத்தில் உங்கள் பாட்டியின் முழுப்பெயரை எழுதுங்கள். அவர் சொல்வதை அவர் சொல்லும் மொழியிலேயே எழுதுங்கள். கேட்ட திகதியையும் குறியுங்கள். ஐந்து ஆண்டு சென்றபின் அக்கொப்பியின் மதிப்பு உங்களுக்கே தெரியும்.

மீண்டும் அந்த மூன்றாந் தர வகுப்புக்கு வருவோம். ஒரு வாரம் கழிந்துவிட்டது. பிள்ளைகள் அப்பாயிமாரிடம் கேட்டு வந்த செய்திகள் கயிற்றின் முடிச்சுகளில் சிறு சிறு காகிதத் துண்டுகளாகத் தொங்குகின்றன. 1817க்கும் 1924க்கும் பக்கத்தில், ஒரு பெண் எந்த ஆண்டில் பிறந்தாள், எந்த ஆண்டில் பால் வாளியைக் கையில் எடுத்தாள் என்னும் குறிப்புகளும் ஆடிக்கொண்டிருக்கின்றன.

"உங்கள் அப்பாயிக்குச் சரித்திரம் உண்டா?" என்று உபாத்தியாயர் மீண்டும் கேட்கிறார்.

இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று விளக்கம் தந்த அந்தச் சிறுமி எழுந்து சென்று, கயிற்றில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டுகிறாள்.